கிங் ஜேம்ஸ் பைபிளும் இன்றைய ஆங்கிலமும்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில ஆசிரியப் பெருமக்களுக்கு,



“நல்ல ஆங்கிலம் வர வேண்டுமா? கிங் ஜேம்ஸ் பைபிளைப் படி.” இந்த அறிவுரை பல தலைமுறைகளாக வகுப்பறைகளில் சொல்லப்பட்டு வருகிறது. கிறிஸ்தவ ஆசிரியர்கள் மட்டுமல்லாமல் மற்றவர்களும் இதைச் சொன்னதுண்டு. சொன்னவர்களின் நோக்கத்தில் பழுதில்லை. 1611-இல் லண்டனில் அச்சான அந்த நூல் ஆங்கில இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்று என்பதை இந்த மடலும் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு நூல் சிகரமாக இருப்பது வேறு, எழுதப் பழகும் மாணவருக்கு அது மாதிரியாக இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடும்போது நூலுக்கும் நியாயம் கிடைப்பதில்லை, மாணவருக்கும் பயன் கிடைப்பதில்லை. உங்களுக்கு இந்த மடல் எழுதப்படுவதன் காரணம் இதுதான்.

முதலில் அந்த மொழியின் வயதைப் பார்க்க வேண்டும். 1611-இல் வெளியான நூல் என்பதால் அதை ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது அதைவிடப் பழையது. 1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கூட்டிய மாநாட்டில், பியூரிட்டன் தரப்பைச் சேர்ந்த ஜான் ரெனால்ட்ஸ் புதிய மொழிபெயர்ப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டார். மன்னர் இசைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று இடங்களிலும் இடத்துக்கு இரண்டாக ஆறு குழுக்கள் அமைந்தன. ஏறத்தாழ 47 அறிஞர்கள் அவற்றில் உழைத்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட விதிகளில் முதலாவது, 1568-இல் வெளிவந்த பிஷப்புகளின் பைபிளை அடியொற்றிச் செல்ல வேண்டும், மூலம் கட்டாயப்படுத்தினால் ஒழிய அதை மாற்றக் கூடாது என்பதுதான்.

பிஷப்புகளின் பைபிளோ 1539-இன் ‘பெரிய பைபிளை’ச் சார்ந்தது. அதற்கு முன்னால் 1535-இல் வந்தது கவர்டேலின் பைபிள். இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பவர் வில்லியம் டிண்டேல். அவருடைய புதிய ஏற்பாடு 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்குள் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1536-இல், பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டேயில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். கிங் ஜேம்ஸ் புதிய ஏற்பாட்டின் சொற்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் டிண்டேலுடையவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, 1611-இல் வெளியான நூலில் பெருமளவு ஒலித்தது 1520-களின், 1530-களின் மொழி. அச்சு மை காயும் முன்பே அது பாட்டனார் காலத்துப் பேச்சாகிவிட்டது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘தௌ’ என்ற முன்னிலைச் சொல். மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, 1603 நவம்பரில், வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலேயை இழிவுபடுத்தவே அவரை ‘தௌ’ என்று விளித்தார். அப்படி விளிக்கிறேன் என்று வாய்விட்டும் சொன்னார். படித்தவர்கள் நடுவே ஒருவரை ‘யூ’ என்று அழைப்பதுதான் அப்போது மரியாதை. ‘தௌ’ என்பது நெருக்கத்துக்கும், கோபத்துக்கும், தாழ்ந்தவர் எனக் கருதப்பட்டவருக்கும் உரிய ‘நீ’.

அப்படியானால் பைபிளில் ஏன் எங்கு பார்த்தாலும் ‘தௌ’? எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் முன்னிலை ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் காட்ட டிண்டேல் ஒருமைக்கு ‘தௌ’, ‘தீ’ என்றும், பன்மைக்கு ‘யீ’, ‘யூ’ என்றும் வைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதையே தொடர்ந்தார்கள். மரியாதை என்ற கணக்கே அதில் கிடையாது. அதனால்தான் அந்த நூலில் கடவுளும் ‘தௌ’, ஏழையும் ‘தௌ’, யோபுவின் கதையில் கடவுள் முன் வந்து நிற்கும் சாத்தானும் ‘தௌ’.

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் கடவுளை ‘தேவரீர்’ என்றும் ‘நீர்’ என்றும் அழைத்துப் பழகியவர், ஆங்கில ஜெபத்தில் ‘தௌ’ என்று கேட்டதும் அதுவும் தேவரீருக்கு நிகரான உயர்வுச் சொல் என்று எண்ணிக்கொள்கிறார். ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும்கூட அந்த எண்ணம் பிற்காலத்தில் வேரூன்றிவிட்டது. 1952-இல் முழுமையாக வெளிவந்த திருத்திய தரப் பதிப்பு மனிதர்களுக்கு ‘யூ’ என்றும் கடவுளுக்கு மட்டும் ‘தௌ’ என்றும் பிரித்து வைத்தது. டிண்டேலும் 1611-இன் அறிஞர்களும் அறியாத பிரிவு அது. 1989-இல் வந்த அதன் புதிய பதிப்பு இந்தப் பிரிவைக் கைவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய குவேக்கர் நண்பர்களும் ஏழை, பணக்காரர், நீதிபதி என்று பாராமல் எல்லாரையும் ‘தௌ’ என்று அழைத்துத் தொல்லைக்கு உள்ளானார்கள். அந்தச் சொல்லுக்குப் பணிவு என்ற பொருள் இருந்திருந்தால் யாரும் அவர்கள்மீது சினம் கொண்டிருக்க மாட்டார்கள்.

வினைச்சொற்களுக்கும் இதே கதைதான். ‘கோஸ்’ என்பதற்குப் பதில் ‘கோயெத்’, ‘ஹாஸ்’ என்பதற்குப் பதில் ‘ஹாத்’. லண்டன் தெருப் பேச்சு அதற்குள் ‘கோஸ்’ பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டு வடிவங்களும் கலந்து வரும். பைபிளோ பழைய வடிவத்தையே விடாமல் பற்றிக்கொண்டது. ‘இட்ஸ்’ என்ற, இன்று குழந்தையும் எழுதும் உடைமைச் சொல் 1611 பதிப்பில் ஓரிடத்தில்கூட இல்லை. சாரம் இழந்த உப்பைப் பற்றி இயேசு பேசும் இடத்தில் உப்புக்கு வரும் சொல் ‘ஹிஸ்’. அன்றைய இலக்கணத்தில் அது சரி. இன்றைய தேர்வுத் தாளில் ஒரு மாணவர் அப்படி எழுதினால் நீங்களே சிவப்பு மையால் சுழிப்பீர்கள்.

இவற்றையாவது மாணவர் பார்த்ததும் பழையவை என்று அறிந்துகொள்வார். பெரிய ஆபத்து, பார்க்க இன்றைய சொல் போலவே இருந்து பொருளில் முற்றிலும் மாறிவிட்டவற்றில் இருக்கிறது. மாற்கு சுவிசேஷத்தில் ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானனின் தலையை ‘பை அண்ட் பை’ கேட்கிறாள். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ‘போகப்போக’, ‘பிறகு’ என்று பொருள். அவள் கேட்டது ‘இப்போதே, இந்தக் கணமே’ என்று. அந்தக் காட்சியின் கொடூரமே அந்த அவசரத்தில்தான் இருக்கிறது. தலையை எதில் வைத்துக் கேட்கிறாள் என்றால், ‘சார்ஜர்’ என்று வரும். அன்று அது பெரிய தட்டு. இன்றைய மாணவரின் மனத்தில் அந்தச் சொல் என்ன படத்தை எழுப்பும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலும் உடன் சென்றவர்களும் ‘கேரியேஜ்’களை எடுத்துக்கொண்டு எருசலேமுக்குப் புறப்படுகிறார்கள். வண்டி ஏதும் அங்கே கிடையாது, அவர்கள் எடுத்தது மூட்டை முடிச்சு. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் எதற்கும் ‘கேர்ஃபுல்’ ஆக இருக்க வேண்டாம் என்று பவுல் சொல்வது, கவனமில்லாமல் இருங்கள் என்ற அறிவுரை போல இன்று ஒலிக்கும். கவலைப்படாதீர்கள் என்பதே அவர் சொன்னது. கொரிந்தியருக்கு எழுதும்போது, ஒவ்வொருவரும் பிறருடைய ‘வெல்த்’தைத் தேட வேண்டும் என்கிறார். அன்று அதற்கு நலன் என்று பொருள். இன்று படிப்பவருக்கு அடுத்தவர் சொத்தின்மீது கண்வைக்கச் சொல்வதாகத் தோன்றும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபங்களில் வரும் ‘பிரிவென்ட்’ என்பதற்கு முந்திச் செல்லுதல் என்றும், ‘லெட்’ என்பதற்குத் தடுத்தல் என்றும் பொருள். பின்னது இன்றைய பொருளுக்கு நேர் எதிரானது. சங்கீதத்தில் பொய்க்கு வரும் சொல் ‘லீசிங்’. இன்று அது குத்தகை.

தெரியாத சொல்லைக் கண்டால் மாணவர் அகராதியைத் திறப்பார். தெரிந்த சொல் என்று நம்பிக் கடந்துபோகும் இடத்தில் அவருக்குக் கைகொடுக்க யாரும் இல்லை. “கிங் ஜேம்ஸைப் படி” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவதில் உள்ள குறை இதுதான்.

இன்னொரு செய்தியும் உங்கள் கவனத்துக்கு உரியது. இந்த நூலின் ஆங்கிலம் அதன் சொந்தக் காலத்திலேயே இயல்பான ஆங்கிலமாகக் கருதப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் கூடியபோது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பல மொழிப் பைபிள்களைக் கையில் வைத்துக்கொண்டு குறை கண்ட இடத்தில் குரல் கொடுத்தார்கள் என்ற தகவலைத் தந்தவர் ஜான் செல்டன். பெரும் சட்ட அறிஞர், எபிரேயம் கற்றவர். மொழிபெயர்ப்பின் தரத்தைப் பாராட்டிய அவரே, இது ஆங்கிலச் சொற்களில் ஆக்கப்பட்டதே தவிர ஆங்கில மரபுத் தொடர்களில் ஆக்கப்பட்டதில்லை என்றும், எபிரேயத் தொடரமைப்பு அப்படியே விடப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். அவர் 1654-இல் இறந்தார். அவருடைய பேச்சுகளைத் தொகுத்த நூல் 1689-இல் வெளிவந்தது. இன்று நாம் ‘பைபிள் நடை’ என்று போற்றும் பல அம்சங்கள் அந்த எபிரேயத் தொடரமைப்பிலிருந்து வந்தவை. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘அண்ட்’ என்று தொடங்குவதும், ராஜாதி ராஜா என்பது போல ஒரே சொல்லை இரட்டித்து உச்சத்தைக் காட்டுவதும் அப்படிப்பட்டவை.

1611-இன் மூலப் பதிப்பையே படிக்கிறோம் என்று பெருமைப்படுவோரின் கையில் இருப்பதும் பெரும்பாலும் 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பிளேனி எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் திருத்திய பதிப்புதான். காலத்துக்கேற்ற மாற்றம் அன்றே தேவைப்பட்டது. அமெரிக்க அகராதியால் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டர், சொற்களின் பொருள் மாறிவிட்டதைக் கண்டு, 1833-இல் வழக்கொழிந்த சொற்களை நீக்கிய தம் பதிப்பைக் கொண்டுவந்தார். மாறாக, 1881-இல் புதிய ஏற்பாட்டையும் 1885-இல் பழைய ஏற்பாட்டையும் வெளியிட்ட இங்கிலாந்துத் திருத்தக் குழுவுக்கு, திருத்தங்களைக்கூடக் கூடியவரை பழைய பதிப்புகளின் மொழியிலேயே எழுத வேண்டும் என்று விதி இருந்தது. நீராவி ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில் அறிஞர்கள் டிண்டேலின் இலக்கணத்தில் எழுத முயன்றார்கள். புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்ட சிகாகோ நாளிதழ்கள் அதன் பகுதிகளைத் தந்தி வழியே பெற்றன என்பது அந்தக் காலத்தின் வேகம். நூலின் மொழியோ மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தியது.

இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்கு நடுவே, தென்கிழக்கு லண்டனில் ஜே. பி. ஃபிலிப்ஸ் என்ற இளம் போதகர் தம் சபை இளைஞர்களுக்குப் பவுலின் நிருபங்களை வாசித்துக் காட்டினார். அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுக்குப் புரியவில்லை. எனவே 1941-இல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை அன்றாட ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். 1947-இல் அந்த நிருபங்கள் நூலானபோது முன்னுரை எழுதியவர் சி. எஸ். லூயிஸ். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் புலவர்களின் கிரேக்கம் இல்லை, கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி முழுதும் புழங்கிய சாதாரண மக்களின் மொழி என்று அவர் அதில் நினைவூட்டினார். லண்டனில் பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கே எட்டாத மொழியை, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவருக்கு எழுத்து மாதிரியாகக் கொடுப்பது எப்படிப் பொருந்தும்?

இங்கே நீங்கள் ஒரு வலுவான மறுப்பைச் சொல்லக்கூடும்: ஜார்ஜ் ஆர்வெலே கிங் ஜேம்ஸைத்தானே நல்ல ஆங்கிலத்துக்கு எடுத்துக்காட்டினார்? ஆம். 1946-இல் எழுதிய ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ கட்டுரையில், பிரசங்கி நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்து, அதைத் தம் காலத்து அலுவலக ஆங்கிலத்தில் மாற்றி எழுதிப் பக்கத்தில் வைத்தார். பிறகு எண்ணிக் காட்டினார்: மூல வசனத்தில் 49 சொற்கள், 60 அசைகள், மாற்றி எழுதியதில் 38 சொற்கள், 90 அசைகள், அவற்றில் 18 சொற்கள் லத்தீன் வேர் கொண்டவை. மூல வசனத்தின் சொற்கள் எல்லாம் அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை என்பதே அவருடைய வாதம். ஓட்டம், போர், உணவு என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களைக் கொண்டு அந்த வசனம் சிந்திக்கிறது.

அதே கட்டுரையின் பிற்பகுதியில் ஆர்வெல் இன்னொன்றையும் அழுத்தமாகச் சொன்னார்: தாம் கேட்கும் சீர்திருத்தத்துக்கும் வழக்கொழிந்த சொற்களை மீட்டெடுப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆர்வெலைச் சான்றாக அழைப்பவர்கள் இந்தப் பகுதியையும் மாணவருக்குக் காட்ட வேண்டும். அவர் பைபிளிடமிருந்து எடுத்துக்கொண்டது சிறு சொல், கண்முன் நிற்கும் பொருள், தெளிவு. ‘கோயெத்’தை எடுக்கவில்லை.

ஆபிரகாம் லிங்கனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 1863 நவம்பர் 19-இல் கெட்டிஸ்பர்க் கல்லறை மைதானத்தில் அவர் ஆற்றிய உரை ஏறத்தாழ 270 சொற்களே. ஆண்டுகளை இருபது இருபதாக எண்ணும் அதன் தொடக்கத்தில் சங்கீதத்தின் எதிரொலி தெளிவாகக் கேட்கிறது. அடுக்கிச் செல்லும் ஓசையும் பைபிளிலிருந்து பெற்றதே. ஆனால் உரை முழுதும் தேடினாலும் ஒரு ‘தௌ’ கிடைக்காது. அந்த ஓசை நாவலாசிரியர்களிடமும் ஒலிப்பதை இலக்கிய அறிஞர் ராபர்ட் ஆல்டர் 2010-இல் வெளியிட்ட தம் நூலில் மெல்வில், ஃபாக்னர், ஹெமிங்வே, மெரிலின் ராபின்சன் எனப் பலரின் உரைநடையில் தொட்டுக் காட்டுகிறார். இவர்கள் பழைய இலக்கணத்தை நகல் எடுத்தவர்கள் அல்லர். அதன் இசையைத் தங்கள் காலத்து மொழிக்கு இடம் மாற்றியவர்கள்.

பழமொழிபோல் புழங்கும் தொடர்களைப் பற்றியும் இதே தெளிவு வேண்டும். மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் 2010-இல் வெளியிட்ட நூலில், பைபிள் வழியே ஆங்கிலத்தில் நிலைத்த 257 தொடர்களை எண்ணினார். ஷேக்ஸ்பியரைவிட இது அதிகம் என்பது உண்மை. ஆனால் அவற்றில் கிங் ஜேம்ஸில் மட்டுமே அந்த வடிவில் காணப்படுபவை 18-தான். மற்றவை டிண்டேலிடமும் பிறரிடமும் முன்பே உள்ளவை. இத்தொடர்களை மாணவர் அறிந்திருக்க வேண்டும். செய்தித்தாள் படிக்கவும் நாவல் படிக்கவும் அவை தேவை. அவற்றைக் கற்பிக்க நூல் முழுவதையும் எழுத்து மாதிரியாக ஆக்க வேண்டியதில்லை.

புதிய மொழிபெயர்ப்பு என்றாலே நல்ல ஆங்கிலம் என்று இந்த மடல் வாதிடவில்லை. 1961-இல் வந்த புதிய ஆங்கில பைபிளின் புதிய ஏற்பாட்டை டி. எஸ். எலியட் 1962 டிசம்பரில் ‘சண்டே டெலிகிராப்’ இதழில் கடுமையாக விமர்சித்தார். அதன் நடை தரம் தாழ்ந்தது என்பது அவர் தீர்ப்பு. எலியட் பழமைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. கோயிலில் உரக்க வாசிக்கப்படும் நூலுக்குச் செவி வேண்டும். 1611-இன் அறிஞர்களுக்கு அந்தச் செவி இருந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் வாய்விட்டு வாசித்தே திருத்தினார்கள். ஆனாலும் ஃபிலிப்ஸை ஆதரித்த லூயிஸ், பைபிளின் தொடர்கள் ஆங்கிலேயர் நாவில் ஊறிக் கிடந்தாலும் நல்ல உரைநடைக்கு அடித்தளமிட்டது அந்த நூல்தான் என்ற பேச்சு மிகைப்படுத்தப்பட்டது என்று 1950-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் விளக்கினார்.

கிங் ஜேம்ஸின் மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களே இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது இன்று பலருக்கும் தெரிவதில்லை. மைல்ஸ் ஸ்மித் எழுதிய நீண்ட முன்னுரை இப்போதைய பெரும்பாலான பதிப்புகளில் அச்சாவதில்லை. கற்றவருக்கு மட்டும் புரியும் லத்தீன் சொற்களைக் குவித்ததாக ரைம்ஸ் நகரிலிருந்து வந்த கத்தோலிக்க மொழிபெயர்ப்பை அதில் குறை கூறினார்கள். வேதம் எளிய மக்களுக்கும் விளங்க வேண்டும் என்பதே தங்கள் விருப்பம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அவர்களுடைய நூலையே விளங்காமையின் பெருமைக்காகப் பிடித்துக்கொள்வது அவர்கள் விருப்பத்துக்கு எதிரானது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, கிங் ஜேம்ஸ் பைபிளை வகுப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சாசரையும் ஷேக்ஸ்பியரையும் போல அதன் காலத்தோடு சேர்த்து, சொற்பொருள் குறிப்புகளோடு கற்பியுங்கள். ‘தௌ’ எங்கிருந்து வந்தது, ‘லெட்’ எப்படித் தலைகீழானது என்று சொல்லிக்கொடுங்கள். மொழி எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட வளமான பாடம் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு மாணவர் விண்ணப்பத்திலோ கட்டுரையிலோ மேடைப் பேச்சிலோ ‘அன்டு’, ‘வெரிலி’, ‘தேராஃப்’ என்று அடுக்கினால், அதைப் புலமை என்று தட்டிக்கொடுக்காதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் அதைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்க முடியுமானால், ரூத்தின் முதல் அதிகாரத்தை கிங் ஜேம்ஸிலும் ஏதேனும் ஒரு புதிய மொழிபெயர்ப்பிலும் மாணவர்கள் மாறி மாறி உரக்க வாசிக்கட்டும். எந்தச் சொல் இன்றும் உயிரோடிருக்கிறது, எது இறந்துவிட்டது, எந்த வாக்கியத்தின் ஓசையை இன்றைய சொற்களாலும் காப்பாற்ற முடிகிறது என்று அவர்களே குறித்துக்கொள்ளட்டும். பிறகு அதே கதையை அவர்கள் தங்கள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கங்களுக்கு எழுதி வரட்டும். சிறிய, தெளிவான, வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

மதிப்புடன்,
ஆங்கில உரைநடையின் வாசகர் ஒருவர்